எச் எண்ணும் அதன் இலக்கணக் குற்றமும்

ஒரு புலவர் எத்துணை எழுதினார், எழுதியவை எத்துணை எடுத்தாளப்பட்டன என்னும் இரண்டனையும் ஓரெண்ணுள் அடக்கிக் காட்டலாமென 2005-ஆம் ஆண்டிற் கூறப்புகுந்தவர், சான் தியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பௌதிக நூற்புலவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்பார். அவர் வகுத்த எச் எண்ணின் இலக்கணம் வருமாறு: ஒருவருடைய கட்டுரைகளுள் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 20 முறைக்குக் குறையாமற் பின்வந்த கட்டுரைகளில் மேற்கோளாக ஆளப்பட்டிருப்பின் அவரது எண் 20 ஆம், 21 கட்டுரைகள் 21 முறை ஆளப்படுங்காறும் அது 21 ஆகாது. எட்வர்டு விட்டன் என்னும் பௌதிகப் பேரறிஞருக்கு அக்காலத்து எண் 110 என அக்கட்டுரையே கூறும்.

பயனில பலவெழுதிக் குவித்தவரும், ஒரே கட்டுரையாற் பெயர்பெற்றவரும் இவ்வெண்ணால் உயர்வு பெறார். முன்னது நன்று; பின்னது நன்றாமோ என்பதே ஆராயற்பாலது.

இலக்கணமென்பது அவ்வியாத்தி, அதிவியாத்தி, அசம்பவம் என்னும் முக்குற்றமும் இன்றி அமைதல் வேண்டுமென்பது அளவை நூலார் துணிபு. எச் எண் புலமைக்கு இலக்கணமாகக் கொள்ளப்படுங்கால் அவற்றுள் முன்னை இரண்டும் அதன்கண் உளவாதல் காண்க.

கட்டுரைத் தொகையைக் கடந்து இவ்வெண் ஏறுமாறில்லை. ஆகவே, 1832-இல் 20 வயதிலேயே இறந்த பிரெஞ்சுக் கணித மேதை கால்வா, எத்தனை நூற்றாண்டு போற்றப்படினும், தாம் எழுதிய சிலவற்றின் தொகைக்கு மேற்பட்ட எண்ணைப் பெறார். கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளைக்கொண்டு மரபுநெறி கண்ட கட்டுரை 1866-இல் அச்சேறியது. அவர் 1884-இல் மறைந்தார். அதன் பெருமை 1900-இலேயே உணரப்பட்டது. உயிரோடிருந்த நாளில் மேற்கோட் கணக்கு அவரை யாரென்று காட்டியிருக்கும்? புகை கண்டவழித் தீயுண்டென்றல் கூடும்; புகையின்மையால் தீயின்றென்றல் கூடாது. பழுக்கக் காய்ந்த இரும்புண்டையிற் புகையில்லையாயினும் தீ உண்டன்றோ? இது பாலர்க்கும் கற்பிக்கப்படும் தருக்கம். பல்கலைக்கழகங்களின் தேர்வுக் குழுவினர் இதனை மறந்தமை வியப்பே.

உயிரணுக்களின் புரதத்தை அளக்கும் முறைபற்றி 1951-இல் லௌரி முதலியோர் எழுதிய கட்டுரை, 2014-ஆம் ஆண்டளவில் 3,05,000 முறைக்கு மேல் மேற்கோளாயிற்று. எச் எண்ணில் அதற்குரிய பங்கு ஒன்றே. ஒரு நூறு முறை ஆளப்பட்ட கட்டுரைக்கும் அவ்வொன்றே. இனி, அத்துணை ஆளப்பட்டமை அதன் ஆழத்தைக் காட்டுவதோ எனின், அதுவுமன்று. ஆய்வுக்கூடந்தோறும் வேண்டப்படும் கருவிமுறை அது என்பதையே காட்டும்.

இனி அதிவியாத்தி. மறுத்தற்பொருட்டு எடுத்தோதுதலும் மேற்கோளே. தன் கட்டுரையைத் தானே காட்டுதலும் மேற்கோளே. எண்ணுவோன் இவற்றை வேறு பிரித்தறியான். பரபக்கத்தில் விரிவாக எடுத்தோதப்பட்டமையால் ஒரு மதம் மெய்யென்றாகிவிடுமோ?

கூட்டாராய்ச்சி பற்றிய இடர்ப்பாடு இதனினும் பெரிது. அங்கேரி நாட்டுக் கணிதர் பால் ஏர்டிஷ் ஏறத்தாழ 1,500 கட்டுரைகளை 500-க்கு மேற்பட்ட கூட்டாசிரியரோடு எழுதினார். ஊர்தோறும் சென்று, உடனிருந்து, சிக்கலவிழ்த்து எழுதிய கூட்டு அது. 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறைபற்றி ஜெனீவா ஆய்வுக்கூடத்து இரு குழுவினர் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கோ ஆசிரியர் 5,154 பேர். 33 பக்கங்களுள் 24 பக்கம் பெயர்களே. அத்துணைப் பெரிய பொறியை இயக்க ஆயிரக்கணக்கினோர் வேண்டுமாகலின் அக்கூட்டும் இழிக்கத்தக்கதன்று. ஆயின் ஒவ்வொருவர்க்கும் முழுப்பங்கு வைத்தெண்ணுதல் எங்ஙனம் பொருந்தும்?

இக்குறைகளை ஹிர்ஷ் அறியாரல்லர். ஓரெண் ஒருவரது பன்முகத் தகுதியை ஒருவாறன்றிக் காட்டாதென அவரே எழுதினாரெனின், அது மெய்யே. ஆயினும், இணைப்பேராசிரியர் நிலைத்த பதவி எய்த 12, பேராசிரியராக 18 என, பௌதிகத் துறைக்கு ஏற்றனவாகத் தோன்றும் அளவுகளையும் அக்கட்டுரையிலேயே குறித்தார். பதவி வழங்குவோர் பலர் எச்சரிக்கையை விடுத்து அளவினைப் பற்றிக்கொண்டனர். ஹிக்ஸ் துகளுக்குப் பெயர் தந்த எடின்பரோப் பேராசிரியர் பீட்டர் ஹிக்ஸ் 1964-க்குப் பின் எழுதிய கட்டுரைகள் பத்தினுங் குறைவு. நோபல் பரிசு பெற்ற 2013-இல், இற்றை நாளாயின் தமக்குப் பல்கலைக்கழகப் பதவி கிடைத்திராதென அவர் சொன்னார். அவர்க்கு வேண்டிய பரிசு கிட்டியது. பத்தாண்டு ஒரே வினாவில் உழல விரும்பும் இளைஞர்க்கோ, அவ்வினாவை ஐந்து கட்டுரையாக அரிந்து அச்சிடுதலன்றி வேறு பிழைப்பு வழியில்லை.

2020-இல் ஹிர்ஷ் இப்பொருளை மீண்டும் எடுத்துக்கொண்டார். மீக்கடத்துதிறன் பற்றி அவர் நெடுங்காலம் கொண்டிருந்த கொள்கை பெரும்பான்மையோர்க்கு மாறானது. தாம் வகுத்த எண் வியக்கத்தக்க அளவிற்குப் பொய்த்துப்போதலும், எண்ணாத கேடுகளை விளைத்தலும் கூடுமென்று அக்கட்டுரையில் அவரே எழுதினார்.