ஈப்போ மழையில் பாலிட்ராக் கணக்கு செல்லாது

ஈப்போ ரேஸ் கோர்ஸில் பந்தயம் என்றால், யார் ஜெயிப்பார் என்று கணிப்பவர்கள் வானத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்கிறார்கள். மேகம் கறுத்துவிட்டால் உடனே ஒரு வாதம் கிளம்புகிறது: "இந்தக் குதிரை ஆல்-வெதர் தடத்தில் ஜெயித்திருக்கிறது, மழைக்கும் வெயிலுக்கும் பழகியது, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்." கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த வாதம் அடிப்படையிலேயே தவறு. ஆல்-வெதர் எனப்படும் செயற்கைத் தடத்தில் ஒரு குதிரை பெற்ற வெற்றி, காய்ந்த நல்ல தரையில் அது எப்படி ஓடும் என்பதற்குத்தான் சாட்சி. நனைந்த புல்லில் என்ன செய்யும் என்பதைப் பற்றி அந்த வெற்றி எதுவும் சொல்வதில்லை. மழை நாளில் பாலிட்ராக் போன்ற செயற்கைத் தடத்தின் வெற்றியாளரை முதலில் எழுதுவதைவிட, முதலில் சந்தேகப்படுவதே சரியான கணிப்பு என்பது என் முடிவு.

இந்தக் கேள்வி இப்போது ஏன் முக்கியம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1843 முதல் பந்தயம் நடந்துவந்த சிங்கப்பூரில், 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 1864இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பும் 2025 மே மாதத்தோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. தீபகற்பத்தில் எஞ்சியவை சுங்கை பீசியில் உள்ள சிலாங்கூர் கிளப்பும், 1886 முதல் இருந்துவரும், ஈப்போவில் உள்ள நம் பேரா கிளப்பும்தான். கிராஞ்சியில் புல் தடத்தோடு பாலிட்ராக் தடமும் இருந்தது. அங்கே ஓடிய குதிரைகள் வடக்கே வந்தபோது அவற்றின் பழைய பதிவுகளும் கூடவே வந்தன. அந்தக் குதிரைகளுக்கு வயதாகிவிடும், இந்தப் பேச்சும் ஓய்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருபவை. ஆஸ்திரேலியாவின் பாக்கன்ஹாம், பல்லாரட், நியூசிலாந்தின் கேம்பிரிட்ஜ், ரிக்கார்டன், அவாபுனி ஆகிய இடங்களில் இன்று செயற்கைத் தடங்கள் இருக்கின்றன. ஒருமுறைகூட ஓடாமல் வரும் கிரிஃபின் குதிரைகளை விட்டுவிட்டால், புதிதாக வந்திறங்கும் ஒரு குதிரையின் தாளில் செயற்கைத் தட ஓட்டம் ஒன்றிரண்டாவது இனியும் இருந்துகொண்டேதான் இருக்கும். ஈப்போவிலோ போட்டி ஓட்டம் புல்லில்தான். ஒரு தரையில் எழுதப்பட்ட கணக்கை இன்னொரு தரையில் வாசிக்க வேண்டிய நிலை நமக்கு நிரந்தரம்.

பாலிட்ராக் என்பது மணல், செயற்கை இழை, மறுசுழற்சி ரப்பர்த் துகள் ஆகியவற்றைக் கலந்து, மெழுகு பூசி எடுத்த பரப்பு. மெழுகு பூசிய மணல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதில்லை, பெய்த மழை இடுக்குகள் வழியே கீழே இறங்கி, அடியில் உள்ள வடிகாலுக்குப் போய்விடுகிறது. எனவே மேலே மழை கொட்டினாலும் குளம்பின் கீழே தரை ஏறக்குறைய அதே தரைதான். பிரிட்டனில் 1989இல் லிங்ஃபீல்டிலும் சவுத்வெல்லிலும் செயற்கைத் தடங்கள் வந்ததற்கு முதன்மையான காரணமும் இதுவே. அங்கே சிக்கல் உறைபனி. குளிர்காலத்தில் புல் தரை இறுகிப்போய்ப் பந்தயம் பந்தயமாக ரத்தானது. எந்த வானிலையிலும் தரை மாறாமல் இருக்கட்டும் என்று இதைக் கொண்டுவந்தார்கள். ஆக, இது மழையைக் குதிரையின் காலுக்கே தெரியாமல் மறைத்துவிடும் ஏற்பாடு. அப்படிப்பட்ட தடத்தில் பத்து முறை ஜெயித்த குதிரை ஒருமுறைகூடச் சேற்றை மிதிக்காமல் இருந்திருக்கலாம்.

புல் தரையில் மழை பெய்தால் நடப்பது வேறு. குளம்பு உள்ளே புதைகிறது; அதைப் பிடுங்கி எடுக்க ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் பலம் வேண்டும். உந்தும் நேரத்தில் பின்னங்கால் வழுக்கினால் வேகம் போகிறது. 1,200 மீட்டர் ஓட்டம் 1,400 மீட்டருக்குரிய மூச்சைக் கேட்கிறது. நீண்ட வீச்சில், தரையை ஒட்டி, மெல்லிய காலடியோடு போகும் குதிரை பாலிட்ராக்கில் கண்ணுக்கு அழகு. கடைசி 300 மீட்டரில் திடீரென்று வேகம் கூட்டும் அதன் திறமைக்கு அங்கே முழு மதிப்பெண். அதே குதிரை சேற்றில் வேகம் கூட்ட முயலும்போது கால் பிடிமானம் கிடைக்காமல் தவிக்கும். முழங்காலை உயர்த்தி, குத்திக் குத்தி ஓடும் கட்டை உடம்புக் குதிரைக்கு அன்றைக்குத்தான் வாழ்வு. இதில் தட அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. கிராஞ்சியில் பாலிட்ராக் புல் தடத்துக்கு உட்புறம் அமைந்திருந்ததால் அதன் வட்டம் சிறியது. சிறிய வட்டத்தில் உள்கம்பியை ஒட்டி முன்னால் ஓடுவது லாபம். மழை பெய்த புல் தடத்திலோ அந்த உள்கம்பி ஓரம்தான் பல நேரங்களில் முதலில் மிதிபட்டுக் குழைகிறது. ஒன்றில் வரமாக இருந்த உள் கேட் இன்னொன்றில் சாபமாகிறது.

வெளியுலகிலிருந்து ஒரு குதிரையைக் காட்டினால் போதும். அமெரிக்காவின் கர்லின், 2007 அக்டோபரில் மான்மவுத் பார்க்கில் மழையில் குழம்பிப்போன தடத்தில் பிரீடர்ஸ் கப் கிளாசிக் பந்தயத்தை நாலரைக் குதிரை நீள இடைவெளியில் வென்றது. மறு ஆண்டு அதே பந்தயம் சான்டா அனிட்டாவில், புரோ-ரைட் என்ற செயற்கைத் தடத்தில் நடந்தது. அதே கர்லின் நான்காவதாக வந்தது. முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவை ஐரோப்பாவிலிருந்து வந்த ரேவன்ஸ் பாஸ், ஹென்றிதநேவிகேட்டர். இரண்டுமே புல் தரையில் பெயர் வாங்கிய குதிரைகள். 2009இலும் அதே தடத்தில் செனியாட்டா வென்றபோது இரண்டாவதாக வந்த ஜியோ பான்டி ஒரு புல் தரைச் சாம்பியன். சேற்றில் ராஜாவாக இருந்தது செயற்கைத் தடத்தில் சாதாரணமாகிறது. காய்ந்த புல்லுக்குரிய வேகம் செயற்கைத் தடத்தில் செல்லுபடியாகிறது. மழைக்குத் தோதான தடம் என்று நாம் நம்பும் ஒன்று, உண்மையில் நல்ல புல் தரைக்குத்தான் நெருங்கிய உறவு. செயற்கைத் தடம் எப்போதுமே மழையைத் தாங்கிவிடும் என்றும் இல்லை: அந்தச் சான்டா அனிட்டாவிலேயே அதற்கு முன்பிருந்த செயற்கைத் தடம் 2008 ஜனவரி மழையில் தண்ணீர் வடியாமல் திணறி, பந்தய நாள்களே ரத்தாயின.

மான்மவுத்தில் சேறானது மண் தடம், நம்முடையது புல், இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்கலாம். ஒன்றல்ல என்பது சரிதான். மண் தடத்தில் மேலே குழம்பும் கீழே கெட்டியுமாக இருக்கும். புல்லில் வேர்ப்பிடிப்பே தளர்ந்துபோகும். ஆனால் இந்த வேறுபாடு என் வாதத்தைக் குலைக்கவில்லை. குழம்பிய மண் தடம், குழைந்த புல், செயற்கைத் தடம் ஆகிய மூன்றில் முதல் இரண்டும் மழையால் மாறுபவை, மூன்றாவது மாறாமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. மாறாத ஒன்றை வைத்து மாறுவதைக் கணிக்கிறோம் என்பதுதான் தவறு.

இதைவிட வலுவான மறுப்பு ராக்கெட் மேன். சிங்கப்பூரின் அந்தப் புகழ்பெற்ற குறுந்தூர ஓட்டக் குதிரை, கிராஞ்சிப் புல்லில் லயன் சிட்டி கோப்பையை மீண்டும் மீண்டும் வென்றது. 2011 மார்ச்சில் துபாயின் மெய்டான் திடலில், தபேட்டா என்ற செயற்கைத் தடத்தில் கோல்டன் ஷாஹீன் பந்தயத்தையும் வென்றது. தரம் இருந்தால் தரை ஒரு பொருட்டா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நான் இரண்டு பதில்கள் சொல்வேன். ராக்கெட் மேன் தாண்டியது புல்லிலிருந்து செயற்கைத் தடத்துக்கு. அந்த இரண்டும் உறவுக்காரத் தரைகள் என்றுதான் மேலே சொன்னேன். மற்றது, நாம் சனி, ஞாயிறுகளில் கணிக்க வேண்டியது உலகச் சாம்பியனை அல்ல. ஈப்போவின் சாதாரண ஹேண்டிகேப் ஓட்டத்தில் நிற்கும் பத்துப் பன்னிரண்டு குதிரைகளின் திறமையை, எடையைக் கூட்டியும் குறைத்தும் ஒன்றுக்கொன்று சமமாக்கி அனுப்புகிறார் ஹேண்டிகேப்பர். எல்லாம் சமமாக்கப்பட்ட இடத்தில், சமமாக்கப்படாத முக்கியமான சங்கதி தரை. பேரா டெர்பி போன்ற பெரிய ஓட்டத்தில் தரமான குதிரை தரையையும் மீறலாம். நான்காம், ஐந்தாம் வகுப்பு ஓட்டத்தில் அது நடக்கும் என்று பணம் வைப்பது வீண்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். முதல் குதிரை செயற்கைத் தடத்தில் 1,600 மீட்டரை இரண்டு நீளத்தில் வென்று, அதற்குத் தண்டனையாக இரண்டரைக் கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. இரண்டாம் குதிரை நனைந்த புல்லில் இரண்டு நீளம் பின்தங்கி மூன்றாவதாக வந்தது. அதன் எடை ஒரு கிலோ குறைந்திருக்கிறது. வித்தியாசம் மூன்றரைக் கிலோ. மைல் தூரத்தில் ஒன்றரைக் கிலோ ஏறக்குறைய ஒரு நீளத்துக்குச் சமம் என்பது ஹேண்டிகேப் வட்டாரத்தின் பழைய அளவுகோல். அப்படியானால் இரண்டாம் குதிரைக்கு எடையிலேயே இரண்டு நீளத்துக்கு மேல் சலுகை. அது பின்தங்கிய தூரம் அதோடு நேராகிவிடுகிறது. அதற்கு மேல், சேறு அதற்குப் பழக்கம், மற்றதற்குத் தெரியாத ஊர். ஆனால் ரேஸ் புத்தகத்தைப் புரட்டுபவர் கண்ணில் படுவது முதல் குதிரையின் பெயருக்கு எதிரே உள்ள "1" மட்டும். பெரும்பாலோர் அதை எடுப்பதால்தான் டோட்டலைசேட்டரில் அதற்குக் கிடைப்பது சொற்பம். அந்த முறையில் நாம் மோதுவது கிளப்போடு அல்ல, கூட இருக்கும் மற்றவர்களின் பணத்தோடு. எல்லோரும் ஒரே தப்பைச் செய்யும் இடத்தில்தான் சரியாகக் கணிப்பவருக்கு வேலை. பேவரிட் குதிரைகள் உலகெங்கும் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஓட்டங்களில்தான் வெல்கின்றன. மீதி இரண்டு பங்கில் எங்கே தோற்கும் என்று தேடினால், தரை மாறிய நாள்களிலிருந்து தேடத் தொடங்கலாம்.

ஈப்போவில் அப்படிப்பட்ட நாள்கள் எத்தனை? ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. ஜனவரியில் 130 மில்லிமீட்டர் அளவில் இருப்பது அக்டோபரில் 300ஐத் தொடுகிறது. அதைவிட முக்கியம் மழை வரும் நேரம். கிந்தா பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் தித்திவாங்சா, மறுபக்கம் கிளேடாங் மலை. காலை வெயிலில் சூடேறிய காற்று மேலே எழுந்து, மதியத்துக்குப் பிறகு இடியோடு இறங்குகிறது. பந்தயமும் மதியம்தான். முதல் ஓட்டம் நல்ல தரையில், ஐந்தாம் ஓட்டம் சேற்றில் என்பது இங்கே நடக்கக்கூடியதே. பம்பாயில் இந்தத் தொல்லையைக் காலண்டரால் சமாளிக்கிறார்கள். மழைக்காலம் வந்தால் மகாலட்சுமி திடலை விட்டுவிட்டுப் பந்தயத்தையே புனேவுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். ஆண்டு முழுக்க மழை பெய்யும் நமக்கு அந்த வழி இல்லை; அன்றன்றைக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். செம்மோர், சுங்கை சிப்புட் பக்க ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் விடியற்காலையில் மரத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் கத்தியை எடுத்தார்கள். பட்டை ஈரமாக இருந்தால் அன்று வெட்டு கிடையாது, நேற்று எவ்வளவு பால் இறங்கியது என்பது கணக்கிலேயே வராது. பந்தயக் கணிப்பிலும் அன்றைய ஈரம்தான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அப்படியானால் காலையில் அச்சாகும் கணிப்புக்கு என்ன பயன் என்பது நியாயமான கேள்வி. மாலை மழையைக் காலையில் யார் அறிவார்? என் பதில், ஒரு ஓட்டத்துக்கு ஒரு குதிரை என்று எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு எழுதலாம் என்பது: தரை காய்ந்திருந்தால் இது, நனைந்திருந்தால் அது. காய்ந்த பட்டியலில் பாலிட்ராக், கேம்பிரிட்ஜ், பாக்கன்ஹாம் வெற்றிகளுக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம். அவை அங்கே உண்மையான சான்றுகள். நனைந்த பட்டியலில் அவற்றை அடியோடு அழித்துவிட்டு, குழைந்த புல்லில் ஓடிய ஓட்டங்களை மட்டும், மூன்றாம் நான்காம் இடங்களையும் சேர்த்து, எடையோடு வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு ஓட்டம்கூட எந்தக் குதிரைக்கும் இல்லையென்றால், "இந்த ஓட்டத்தைத் தொட வேண்டாம்" என்று எழுதுவதும் கணிப்புதான். திடலில் இருப்பவர்கள் முதல் இரண்டு ஓட்டங்களில் பணம் வைக்காமல், ஜாக்கிகள் கடைசித் திருப்பத்தில் உள்கம்பியை விட்டு எவ்வளவு தூரம் வெளியே வருகிறார்கள் என்று மட்டும் கவனிக்கட்டும். எல்லோரும் வெளியே வருகிறார்கள் என்றால் முன்னால் ஓடும் உள் கேட் குதிரைக்கு அன்று நாள் சரியில்லை. இந்த ஒரு தகவல் எந்தப் பத்திரிகையிலும் முன்கூட்டியே அச்சாகாது.

புக்கிகளிடம் கைப்பேசி வழியே வீட்டிலிருந்தபடி ஆடுபவர்களுக்கு இதில் எதுவும் பயன்படாது. அவர்களுக்குத் தரை தெரியாது, அவர்கள் ஆடுவது சட்டப்படியும் குற்றம். திடலுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த ரேஸ் புத்தகத்தைக் கையில் வாங்கியதும், ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களிலும் செயற்கைத் தட ஓட்டங்களைப் பென்சிலால் சுழித்து வையுங்கள். மழை பெய்தால் அந்தச் சுழிகளுக்குள் இருப்பதைப் படிக்காதீர்கள்.