கரும்பலகை பெயின்ட்: வீட்டுச் சுவர் பலகையாகும்போது

சுவர், கதவு, மரப்பலகை என எதன்மேல் அடித்தாலும், சாக்பீஸால் எழுதி அழிக்கத்தக்க பரப்பாக அதை மாற்றுவது கரும்பலகை பெயின்ட். சாதாரண எமல்ஷனில் இல்லாத கடினமும் சொரசொரப்பும் இதில் உண்டு. சிலிக்கா, டால்க் போன்ற கனிமத் தூள்கள் இதில் கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன. காய்ந்த பிறகு அந்தச் சொரசொரப்பு கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் தெரியும். சாக்பீஸைத் தேய்த்துத் துகளை வாங்கிக்கொள்வது அதுதான். பூச்சு கெட்டியாக இருப்பதால் டஸ்டர் பட்டதும் துகள் விடுபடுகிறது. அந்நாளில் ஊர்ப்பள்ளிகளில் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பலகையில் பூசியதும் கருமையான, பளபளப்பில்லாத பரப்பு வேண்டித்தான்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். பள்ளிகளுக்கென்று ஹார்டுவேர் கடைகளில் விற்கும் மலிவான கறுப்பு பெயின்ட் பெரும்பாலும் டர்பன்டைன் கலந்து அடிப்பது. உழைக்கும், ஆனால் நெடி பல நாள் போகாது. குழந்தைகள் படுக்கும் அறைக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வகையே ஏற்றது. ரஸ்ட்-ஓலியம், பெஞ்சமின் மூர் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் கறுப்பு மட்டுமல்லாமல் விரும்பிய நிறத்திலும் கலந்து தருகின்றன. எமல்ஷன் ஒரு கப்புக்கு, மணல் சேராத டைல் கிரவுட் 2 மேசைக்கரண்டி கலந்து வீட்டிலேயே தயாரிக்கும் முறையும் உண்டு. ஒரு சின்னப் பலகைக்கு அது போதும். முழுச் சுவருக்கு வேண்டாம்: கிரவுட் கட்டிகட்டியாகும், கலவையும் சீக்கிரம் இறுகிவிடும்.

பெயின்ட்டின் தரத்தைவிடச் சுவரின் தரமே பலனைத் தீர்மானிக்கிறது. வெள்ளைச் சுவரில் தெரியாத மேடுபள்ளமெல்லாம் கறுப்பில் பளிச்சென்று தெரியும். சாக்பீஸ் அங்கெல்லாம் தாவித் தாவி எழுதும். ஆகவே ஆணித்துளை, வெடிப்பு எல்லாவற்றையும் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு மட்டமாக்க வேண்டும். புதுச் சிமென்ட் பூச்சு என்றால் 28 நாளாவது ஆற விட வேண்டும். ஓதம் ஏறும் சுவரில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. சில மாதங்களில் பெயின்ட் உப்பி உரிந்துவிடும். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த பழைய சுவரானால் அதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டே ப்ரைமர் அடிக்க வேண்டும்.

பழைய வீடுகளில் இன்னொரு எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எனாமல் அடித்த கதவையோ சுவரையோ உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பறக்கக்கூடும். நனைத்துத் தேய்ப்பதும், முகக்கவசம் அணிவதும், வேலை முடியும்வரை குழந்தைகளை வெளியே வைப்பதும் கட்டாயம்.

அடிப்பது எளிது. ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டப்பாவை அடிவரை நன்கு கலக்கி (கனிமத்தூள் அடியில்தான் தங்கும்), பிரஷ் தடம் விழாத ஸ்பாஞ்சு ரோலரால் அடிக்க வேண்டும். முதல் கோட் மேலிருந்து கீழாக; காய்ந்த பிறகு அடுத்த கோட் குறுக்காக. இரண்டு கோட் குறைந்தபட்சம், மூன்று நல்லது. தொட்டால் காய்ந்ததுபோல் தெரியும், ஆனால் உள்ளே இறுக 3 நாளாவது ஆகும். அந்த மூன்று நாள் குழந்தைகளைச் சுவர்ப்பக்கம் விடாமலிருப்பதுதான் வேலையிலேயே கடினமான பகுதி.

அதன் பிறகும் நேராக எழுதக் கூடாது. வெள்ளைச் சாக்பீஸைப் படுக்கவைத்து, பரப்பு முழுவதும் ஓரிடம் விடாமல் தேய்க்க வேண்டும். முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக. சுவர் சாம்பல் பூத்ததுபோல் ஆனதும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். நுண்துளைகள் சாக்கட்டித் தூளால் இவ்வாறு நிரம்பிவிட்டால் பின்னால் எழுதுவது மேலோடு நிற்கும். இதைச் செய்யாமல் விட்டால், குழந்தை முதன்முதலில் அழுத்தி எழுதிய ‘அ’ எத்தனை முறை துடைத்தாலும் நிழலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். லிக்விட் சாக் மார்க்கரும் அப்படித்தான் கறை வைக்கும்; கண்ணாடிக்கு ஏற்ற அது இந்தச் சுவருக்கு ஏற்றதல்ல.

பதமாக்கிய சுவரில் எழுத்து நன்றாக விழுகிறது. பால் கணக்கு, சிலிண்டர் பதிந்த தேதி, பள்ளிக்கூட அட்டவணை எல்லாம் ஒரே இடத்தில் எல்லார் கண்ணிலும் படுகின்றன. குழந்தைகள் புள்ளி வைத்துக் கோலம் பழக இதைவிட நல்ல இடம் வீட்டுக்குள் இல்லை. தோள்பட்டையிலிருந்து கையை வீசி வரையும் சுதந்திரத்தை ஒரு நோட்டுத்தாள் தர முடியாது.

குறை தூசிதான். அழிக்கும்போதெல்லாம் சுவரோரத் தரையில் வெண்தூள் படியும். மின்விசிறி ஓடினால் கட்டில்வரை போகும். தூசியில்லாச் சாக்பீஸின் துகள் கனமானதால் பறக்காமல் கீழே விழும். ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் குறையும். ஆஸ்துமா உள்ளவர்கள் படுக்கும் அறையில் இது கூடாது. அடுப்பருகிலும் கூடாது: எண்ணெய்ப் புகை படிந்த பரப்பில் சாக்பீஸ் வழுக்கும். கறுப்பு வெளிச்சத்தை விழுங்குவதால் சன்னலில்லாத சின்ன அறையின் நான்கு சுவருக்கும் அடிப்பது பெரும் தவறு.

இரும்புத்தூள் கலந்த காந்த ப்ரைமரை அடியில் பூசினால் சுவரில் காந்தம் ஒட்டும் என்பார்கள். ஒட்டும்தான், ஆனால் ஒரு தாளைத் தாங்கும் அளவுக்கே. செலவுக்கு ஏற்ற பயன் இல்லை. சலித்துப்போனால் மாற்றுவது சிரமமில்லை: தூள் போகக் கழுவி, லேசாக உப்புத்தாள் போட்டு, ப்ரைமர் அடித்துவிட்டால் எந்த நிறமும் ஏறும்.

கூடத்திலோ நடைவழியிலோ தரையிலிருந்து 4 அடி உயரத்துக்கு ஒரு பட்டை, அல்லது குழந்தைகள் அறைக் கதவின் உட்புறம்: ஒரு குடும்பத்துக்கு இந்த அளவே போதும். 1 லிட்டருக்குள் வேலை முடியும். குழந்தைகள் உள்ள வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். அழகுக்காக மட்டும் என்றால் மங்கலான கறுப்பு எமல்ஷனே போதும்.