கண்ணாடியில் முடைந்த கூடை

முதலில் அந்தப் பின்னலைப் பாருங்கள். ஒரு சாண் உயரத்தில், லேசாக வளைந்து நிற்கும் வெண்குழல். நெடுக்கே ஓடும் இழைகள், அவற்றைத் தழுவிச் செல்லும் வளைய இழைகள், இடையிடையே சின்னஞ்சிறு சதுரக் கண்கள். கைதேர்ந்தவர் இழுத்துக் கட்டிய நார்க்கட்டிலின் ஒழுங்கு. ஆனால் இழை அத்தனையும் கண்ணாடி. 'வீனஸின் பூக்கூடை' என்று செல்லமாக அழைக்கப்படும் இந்த ஆழ்கடல் பஞ்சுயிரிக்கு 1841-ல் ரிச்சர்ட் ஓவன் 'யூப்ளெக்டெல்லா' என்று பெயர் வைத்தார். நன்றாகப் பின்னப்பட்டது என்று பொருள். பார்த்த மாத்திரத்தில் வாயில் வந்திருக்க வேண்டும், அவ்வளவு பொருத்தம்.

இன்னும் சற்று நெருங்குங்கள். சதுரக் கண்களின் மீது சாய்வாக, இரட்டை இரட்டையாக, இரு திசையிலும் வேறு இழைகள் ஏறுகின்றன. அவை சில கண்களை மறித்துச் சிலவற்றைத் திறந்து விடுவதால், சதுரங்கப் பலகையின் கட்டங்கள் போல அடைப்பும் திறப்பும் மாறி மாறி வருகின்றன. அலங்காரம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். 2020-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இதே அமைப்பைச் செய்து அழுத்திப் பார்த்தார்கள். அதே அளவு பொருளால் ஆன வேறு பின்னல்களைவிட இதுவே வளையாமல் அதிகப் பாரம் தாங்கியது. அழகும் பலமும் இங்கே ஒரே இழையில் இருக்கின்றன.

என்னை அதிகம் மயக்குவது அடியில் தொங்கும் கற்றைதான். பாட்டியின் நரைத்த கூந்தல் போல மின்னும், மென்மையான, தலைமுடிப் பருமனே உள்ள கண்ணாடி இழைகள். சேற்றில் ஊன்றிக் கூடையை நிறுத்துபவை அவையே. ஓரிழையின் குறுக்குவெட்டில், நடுவே நூலாய் ஒரு புரதம். அதைச் சுற்றி வெங்காயம் போல அடுக்கடுக்காய்க் கண்ணாடி. ஓர் அடுக்கில் விழும் விரிசல் அடுத்த அடுக்கின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதனால் இழை முறியாமல் வளைகிறது. அது ஒளியையும் கடத்துகிறது, நம் ஒளியிழைகளைப் போலவே. நாம் கண்ணாடி உருக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் உலையை மூட்டுகிறோம். இந்த உயிரோ குளிர்ந்த கடல்நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துச் சத்தமில்லாமல் நெய்கிறது.

பிலிப்பைன்ஸின் செபு மீனவர்களுக்கு இது வெகுகாலமாய்த் தெரியும். மூங்கில் சட்டத்தில் தூண்டில் முட்களைக் கட்டிக் கடலடியில் இழுத்து இதை எடுத்தார்கள். 1870-களில் சேலஞ்சர் கப்பலில் வந்த இயற்கையியலாளர்கள் அந்தக் கருவியைக் கண்டு வியந்தார்கள். அங்கே இதன் பெயர் 'ரெகடேரா', அதாவது பூவாளி. உச்சியை மூடிய அந்த நேர்த்தியான சல்லடைத் தட்டைப் பார்த்து வைத்த பெயர்.

அந்தச் சல்லடைக்குள் ஒரு குடும்பம் இருக்கிறது. பொடி இறால்கள் இரண்டு, ஆணும் பெண்ணுமாய், குஞ்சுப் பருவத்தில் கண்களின் வழியே நுழைகின்றன. வளர்ந்தபின் வெளியேற வழியில்லை. நீரோடு வரும் உணவே போதும் என்று வாழ்கின்றன. அவற்றின் குஞ்சுகள் மட்டும் அதே கண்களின் வழியே நழுவிப் போய்விடுகின்றன. சேர்ந்தே மூத்து ஒரே குழியில் அடங்குவது என்ற பொருளில் ஜப்பானியர் இந்தக் கூடைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். மணமக்களுக்குப் பரிசாகவும் தந்தார்கள்.

எங்காவது ஓர் அருங்காட்சியகத்தில் இதைக் காண நேர்ந்தால் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். குனிந்து, பின்னலின் ஊடே உள்ளே பாருங்கள். காய்ந்த இரண்டு இறால்கள் இன்னும் அங்கே இருக்கக்கூடும்.