கவிவாணர் என்னும் சாய்வெழுத்து

தமிழில் சாய்வெழுத்து என்ற பெயரில் இத்தனை காலம் நாம் பார்த்ததெல்லாம் கணினி பிடித்துத் தள்ளிய எழுத்துதான். நேராக நிற்பதை மென்பொருள் ஒரு பக்கமாக இழுத்துவிடும். ‘ண’வின் சுழிகள் நசுங்கிப் போகும். ‘கவிவாணர்’ எழுத்துருவோ பிறவியிலேயே சாய்வு. பேனா பிடித்த கை போகிற போக்கிலேயே வலப்பக்கம் சாய்த்து வரைந்திருக்கிறார்கள். அதில் ‘ழ’வையும் ‘ஞ’வையும் திரை நிறையப் பெரிதாக்கிப் பாருங்கள். எனக்கு அலுக்கவே இல்லை.

வடிவமைத்தவர் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ். ‘பவனம்’ எழுத்துருவும் அவருடையதுதான். இரண்டுமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். திறந்த உரிமம் என்பதால் வியாபாரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அக்கா மகள் கல்யாணத்தில்தான் கவிவாணரின் முழு அருமையும் தெரிந்தது. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றைப் போல எங்களுக்கும் பாதிச் சொந்தம் பிரான்சில். பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பிரெஞ்சு. வழக்கமாக இந்த இரண்டும் ஒட்டவே ஒட்டாது; தமிழ் தடியாக நிற்கும், பிரெஞ்சு கொடிபோல் சுருண்டு கிடக்கும். கவிவாணரில் லத்தீன் எழுத்துகளும் உண்டு. அதே சாய்வு, அதே தடிமன். ‘e’யின் தலைமேல் வரும் கோடு, ‘c’யின் அடியில் தொங்கும் வால் என்று பிரெஞ்சுக்கு வேண்டிய குறிகளும் இருக்கின்றன. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் ஓர் அச்சகத்தில், சந்தன நிற அட்டையில் மெரூன் மையில் ஸ்கிரீன் பிரிண்டிங் போட்டோம். மணமக்கள் பெயர் இரண்டு மொழியிலும் ஒரே கை எழுதியதுபோல் வந்து விழுந்தது! “கையால எழுதி ஸ்கேன் பண்ணிக் கொடுத்தீங்களா சார்?” என்று அச்சகத் தம்பி கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெயர்கள், கவிதை நூலின் அட்டை, வாழ்த்துமடல், ஆல்பத்தின் முதல் பக்கம், இனிப்புக் கடைப் பெட்டி என்று நாலைந்து சொற்கள் நின்று பேச வேண்டிய இடமெல்லாம் இதற்குச் சொந்தம். முகூர்த்த நேரம், மண்டப முகவரி போன்ற பொடி எழுத்துக்கு வேண்டாம். அங்கே பவனமோ முக்தா மலர் எழுத்துருவோ போடுங்கள். கவிவாணருக்கு ஒரே தடிமன்தான். ‘போல்டு’ பொத்தானை அழுத்தினால் மென்பொருள் தானாகப் பூசி மெழுகிவிடும், வளைவுகளின் அழகே கெட்டுவிடும். பெரிதாகத் தெரிய வேண்டுமானால் அளவைக் கூட்டுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். இது யூனிகோடு எழுத்துரு. பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். இன்டிசைனில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாம் சரியாக உட்காரும்.

அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போகும்போது, அச்சகத்தில் நீட்டும் பழைய மாதிரிகளோடு நின்றுவிடாதீர்கள். கவிவாணரைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.