நடைப்பிணங்களின் கதை

திகிற்படப் பிரியர்கள் ஒன்றுகூடும்போது தம்மைப் பெரிதும் நடுங்கவைத்த படம் எது என்ற பேச்சுத் தவறாமல் எழும். அப்பேச்சைக் கேட்டு முகஞ்சுளிப்பது முற்போக்கு விமரிசகர் பலரின் வழக்கம். பேயும் பிணமும் மூடநம்பிக்கை. அவற்றைத் திரையிலே நடமாடவிட்டுக் காசு பறிப்பது நசிவுக்கலை. அதற்கு மேல் ஆராய என்ன இருக்கின்றது என்று அவர்கள் கேட்பர். பிரியர் அச்சத்தின் அளவைப் பார்க்கின்றார்; விமரிசகர் அச்சத்தையே தள்ளிவைக்கின்றார். யாருடைய அச்சம், யாரைக் குறித்த அச்சம் என்று இருவரும் கேட்பதில்லை. இக்கேள்வியை மனத்திற்கொண்டு, ‘ஸொம்பி’ப் படங்கள் என வழங்கும் ஒரு வகையை மட்டும் ஈண்டு நோக்குவோம். நமக்குப் பிடித்த திகிற்படங்கள் யாவை என எவரேனும் வினவின் நாம் முதலிற் சுட்டுவனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

ஸொம்பி என்பதற்குத் தமிழில் நடைப்பிணம் என்ற சொல் ஆயத்தமாகவே இருக்கின்றது. உயிரிருந்தும் உணர்விழந்து உழல்பவனை நாம் அவ்வாறு அழைக்கின்றோம். ஹெயிட்டி நாட்டின் ஆபிரிக்க வழிவந்த மக்களிடையே நிலவிய நம்பிக்கையும் இப்பொருளுக்கு வெகு அண்மையிலேயே நிற்கின்றது. பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் அந்நாடு 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்குச் சீனியும் கோப்பியும் வாரி வழங்கிய அடிமைத் தோட்டமாக இருந்தது. 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804இல் நாடு சுதந்திரம் பெற்றது. அடிமைக்குச் சாவு ஒன்றே ஓய்வு என்றிருந்த மண்ணில், செத்தபின்னும் எழுப்பி வேலை வாங்குவார்களோ என்பதைவிடக் கொடிய கற்பனை வேறு இருத்தல் இயலாது. அம்மக்கள் நடைப்பிணத்துக்கு அஞ்சியதிலும் பார்க்க, தாம் நடைப்பிணமாக ஆக்கப்படுவதற்கே பெரிதும் அஞ்சினர். மூடநம்பிக்கைதான்; ஆயின் அனுபவத்தில் முளைத்த மூடநம்பிக்கை.

இதனை அமெரிக்க வாசகரிடையே பரப்பியது வில்லியம் சீபுறூக் 1929இல் வெளியிட்ட ‘த மஜிக் ஐலண்ட்’ என்னும் நூல். பரபரப்பை நாடி எழுதப்பட்ட நூல் அது. எனினும் அதில் வரும் ஒரு கதை குறிப்பிடத்தக்கது. ஹஸ்கோ என்ற அமெரிக்கச் சீனிக் கம்பனியின் கரும்பு வயல்களுக்கு ஒருவன் நடைப்பிணக் கூட்டமொன்றைக் கூலிகளாகக் கொண்டுவருகின்றான். கூலிப்பணம் அவன் மடியிற் சேர்கின்றது. பிணங்களுக்குக் கிடைப்பதோ உப்பில்லா உணவு. ஒருநாள் அவன் மனைவி மனமிரங்கி வாங்கிக் கொடுத்த இனிப்புப் பண்டத்தில் உப்புக் கலந்திருக்கவே, அதனை உண்டவர்கள் தம் நிலையை உணர்ந்து புதைகுழிகளை நோக்கி நடக்கத் தொடங்குகின்றனர். ‘உப்புப் போட்டுத்தான் சோறு தின்கின்றாயா’ என்று ரோசமற்றவனைப் பார்த்துக் கேட்கும் நமக்கு இக்கதைக்கு உரை வேண்டியதில்லை. 1915 முதல் 1934 வரை ஹெயிட்டி அமெரிக்கப் படைகளின் பிடியில் இருந்ததையும், வீதி போடுவதற்கு அந்நாட்டு மக்கள் கட்டாய வேலைக்கு இழுத்துச்செல்லப்பட்டதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும்.

அந்த ஆக்கிரமிப்பு நீடித்துக்கொண்டிருந்த 1932இலேயே விக்டர் ஹல்பெரினின் ‘வைட் ஸொம்பி’ வெளிவந்தது. ஆக்கிரமிப்பைப் பற்றி அப்படம் மூச்சுவிடுவதில்லை. ஆயினும் அதில் வரும் கரும்பாலைக் காட்சி ஒன்று மறக்கற்பாலதன்று. மரத்தாலான பெரும் பொறியை நடைப்பிணங்கள் சுற்றிச் சுற்றித் தள்ளுகின்றன; வேறு சில கரும்புக் கூடைகளைச் சுமந்து வரிசையாக வருகின்றன. கூடையோடு தள்ளாடிய ஒன்று பொறிக்குள்ளே விழுகின்றது. எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பொறியின் கிறீச்சொலி ஒரு கணமேனும் நிற்பதில்லை. இவர்கள் நெடுநேர வேலையைப் பற்றி முறையிடுவதில்லை என்று ஆலைக்குரியவன் பெருமை பேசுகின்றான். திகிற் சினிமாவின் வரலாற்றில் இதற்கு ஈடான காட்சிகள் மிகச் சிலவே எனத் துணிந்து கூறலாம். ஆனால் கண்டதைக் கண்டு படமே மிரண்டுவிட்டதுபோலும். உடனே அது ஆலையை விட்டோடி, மயக்கத்தில் ஆழ்த்தப்பட்ட வெள்ளை மணப்பெண் ஒருத்தியை மீட்கும் கதைக்குள் ஒளிந்துகொள்கின்றது. கறுப்பு உழைப்பாளி நடைப்பிணமாவது இயல்பு, வெள்ளைப் பெண் அவ்வாறாவதே பயங்கரம் என்பது படத்தின் தலைப்பிலேயே அடங்கியிருக்கின்றது.

ஜாக் ரூர்னர் நெறிப்படுத்திய ‘ஐ வோக்ட் வித் எ ஸொம்பி’ (1943) இவ்விடயத்தில் எவ்வளவோ நேர்மையானது. கற்பனைத் தீவொன்றுக்கு வரும் கனேடியத் தாதியிடம் வண்டிக்காரன், தன் மூதாதையர் கப்பலின் அடித்தட்டில் சங்கிலியிற் கிடந்து வந்த கதையைச் சொல்கின்றான். அழகான இடத்துக்குத்தானே கொண்டுவந்தார்கள் என்கின்றாள் அவள். நீங்கள் சொன்னால் சரிதான் என்கின்ற பாவனையில் அவன் பணிவோடு விடை பகர்கின்றான். அப்பணிவின் அடியிலுள்ள கசப்பை நடிகரும் நெறியாளரும் அறிந்தே வைத்திருக்கின்றனர். அக்கப்பலின் முகப்பிலிருந்த சிலை தோட்டத் துரையின் முற்றத்தில் நிற்கின்றது. குழந்தை பிறந்தால் அழுவதும் பிணத்தைப் புதைக்கும்போது களிப்பதும் அத்தீவு மக்களின் வழக்கம் என்கின்றது படம். இரத்தமில்லை, அலறல் மிகக் குறைவு. நமது பட்டியலில் இதற்கு உயர்ந்த இடமுண்டு.

நடைப்பிணத்தின் தன்மை முற்றாக மாறியது 1968இல், ஜோர்ஜ் ரொமெரோவின் ‘நைட் ஒஃப் த லிவிங் டெட்’ படத்தில். ஏறத்தாழ 114,000 டொலர் செலவில் பிற்ஸ்பேர்க் நகரத்தார் சிலர் சேர்ந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இது. விநியோகத்தர் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பை விட்டுவிடவே, சட்டப்படி படம் எல்லோர்க்கும் பொதுச் சொத்தாயிற்று. முதலாளித்துவம் கவலையீனத்தால் மக்களுக்கு அளித்த கொடைகளுள் இதுவும் ஒன்று. இங்கு பிணங்களை ஏவுகின்ற எசமானன் இல்லை; அவை தாமாகவே எழுந்து மனிதரைத் தின்கின்றன. அடிமை மறைந்து கும்பல் வந்தது. இதனால் இழந்தது பெரிது. உழைப்பின் நினைவு அறுந்துபோக, எண்ணற்ற முகமற்றோரைச் சுட்டுத்தள்ளும் இன்பத்துக்கு வாயில் திறந்தது. 2013இல் வந்த ‘வேர்ல்ட் வோர் இஸட்’ படத்தில் ஜெருசலேமின் மதிலின்மீது எறும்புகளாய் ஏறும் கூட்டத்தைக் கண்டு நமது மாணவர் கைதட்டுகின்றனரே, அந்தக் கைதட்டலுக்கு வழி இங்குதான் தொடங்குகின்றது.

ஆயின் ரொமெரோ அவ்வழியே செல்லவில்லை என்பதிற்றான் அவருடைய சிறப்பு. பண்ணைவீட்டில் அகப்பட்டோர் எழுவர். அவர்களுள் பென் என்ற கறுப்பு இளைஞனே நிதானமும் செயலும் உடையவன். கீழறையில் ஒளிவதா, மேலே நின்று காப்பதா என்ற பூசலிலே, வெளியிலுள்ள பிணங்களைவிட உள்ளேயுள்ள மனிதர் ஒருவரையொருவர் அதிகம் கெடுக்கின்றனர். பென்னை இந்நிறத்தவன் என்று கதை எழுதியோர் குறித்திருக்கவில்லை; நடிப்புத் தேர்வில் சிறந்தவர் என்பதனாலேயே டுவேன் ஜோன்ஸ் தெரிவானார். முரட்டு லொறிச் சாரதியாக எழுதப்பட்டிருந்தவனின் பேச்சைத் திருத்தி, கற்றவனின் பேச்சாக்கியவர் அவரே. ஆசிரியன் கருதாத பொருளை ஆக்கம் தாங்கிநிற்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பதரிது.

இரவெல்லாம் போராடி உயிர்தப்பிய பென், விடிந்ததும் வெளியே மனிதக் குரல் கேட்டுச் சாளரத்தருகே வருகின்றான். துப்பாக்கியும் நாய்களுமாகப் பிணவேட்டைக்கு வந்த வெள்ளையர் கூட்டம் அவனையும் பிணமெனக் கொண்டு நெற்றியிற் சுடுகின்றது. பின்னர் திரை அசைவதில்லை. பத்திரிகைப் படங்கள் போன்ற நிழற்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: இறைச்சிக் கொக்கிகள், சிரித்த முகங்கள், விறகடுக்கு. கறுப்பு மக்களைக் கட்டித்தூக்கிய கும்பல்கள் பிணத்தருகே நின்று பிடித்துக்கொண்ட படங்களை அறிந்தவர் எவரும் இக்காட்சியின் பொருளை அறியாதிரார். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டதும் அதே ஆண்டிலேயே. எந்தப் பிணம் எழுந்து வந்ததற்கும் நாம் இவ்வளவு நடுங்கியதில்லை.

பின்னர் ரொமெரோ 1978இல் நடைப்பிணங்களைப் பேரங்காடியொன்றில் அலையவிட்டார்; அப்படத்தின் நகைச்சுவை பலரும் எடுத்துப் பேசித் தேய்ந்துவிட்டது. அதனினும் 2005இல் வந்த ‘லாண்ட் ஒஃப் த டெட்’ நம்மைக் கவர்கின்றது, அச்சமூட்டுவதில் அது தளர்ந்த படமேயாயினும். அதிலே செல்வர் மாளிகைக் கோபுரத்துள் வாழ்கின்றனர்; பெற்றோல் நிலையத்தில் வேலைசெய்து இறந்த கறுப்பு மனிதன் ஒருவன் பிணங்களுக்குத் தலைமை தாங்கி ஆற்றைக் கடந்து வருகின்றான். தப்பியோட முனையும் கோபுர முதலாளியின் காரினுள் தன் பழைய தொழிற்கருவியாலேயே பெற்றோலைப் பாய்ச்சுகின்றான். எல்லாம் முடிந்தபின் பாலத்தின்மேற் செல்லும் அப்பிணங்களை நோக்கி ஏவுகணை குறிபார்க்கப்படுகின்றது. கதைநாயகன் தடுக்கின்றான், அவர்களும் போக ஓரிடம் தேடுகின்றார்கள் என்கின்றான். ஏவுகணை ஏவப்படவில்லை.