வங்காள எண் வகைகாட்டிகளும் தமிழ் மொழிபெயர்ப்பும்

கொல்கத்தாவின் கடைத்தெருவில் இரண்டு புடவை கேட்பவர் எண்ணுப்பெயரைத் தனித்துச் சொல்லிவிட இயலாது. ‘துகானா ஷாடி’ என எண்ணுடன் வகைகாட்டியைச் சேர்த்தே சொல்லவேண்டும். ஆட்களுக்கு ‘ஜன்’, தட்டையான பொருள்களுக்குக் ‘கானா’, கயிறு, வளையல் போன்றவற்றுக்குக் ‘காச்சா’, பொதுவாக ‘டா’ என வங்காளம் பாகுபடுத்துகிறது. ‘டா’வும் இரண்டுக்குப்பின் ‘டோ’ என்றும், மூன்று, நான்குக்குப்பின் ‘டே’ என்றும் கொல்கத்தா வழக்கில் திரியும். கொரிய மொழியிலோ திரிவது எண்ணுப்பெயரே: தனித்து ‘ஹனா’, ‘துல்’ என நிற்பவை வகைகாட்டிக்கு முன் ‘ஹன்’, ‘து’ எனக் குறுகும். தமிழின் ஒன்று, ஒரு என்னும் திரிபு இதற்கு நெருங்கியது.

இவ்வமைப்பு ஒரு மொழிக்குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழிப்பரப்பாகக் கண்டு எழுதிய கட்டுரையில் இதனை முதன்மைச் சான்றாகக் கொண்டார். மால்தோ, குரூக் ஆகிய வட திராவிட மொழிகளும் அதில் இடம்பெறுகின்றன. தமிழில் ‘பேர்’ என்பதைத் தவிர இதற்கு ஈடானது அரிது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் வகைகாட்டியை விட்டுவிடுகின்றனர். பொருளின் வடிவத்தைப் பொறுத்தமட்டில் அதனால் இழப்பு சிறிதே.

இழப்பு சொல்வரிசையில்தான் நேர்கிறது. ‘துகானா ஷாடி’ என்பது ஏதேனும் இரண்டு புடவை. ‘ஷாடி துகானா’ என்றால் முன்பே அறிந்த அந்த இரண்டு புடவைகள். ‘கான் துய் ஷாடி’ என வகைகாட்டி எண்ணுக்கு முன் வந்தால் ஏறக்குறைய இரண்டு. மூன்றையும் ‘இரண்டு புடவை’ எனப் பெயர்ப்பது பிழையாகும். மூலத்தின் வரிசையைப் போற்றிப் ‘புடவை இரண்டு’ என எழுதுவதும் உதவாது. தமிழ் வாசகர் அதனைக் குறிப்பிலாப் பொருளிலேயே கொள்வர். கொரிய மொழியின் ‘ஓத் து பொல்’ (உடை இரண்டு) என்பதும் அவ்வரிசையிலேயே, ஆனால் சுட்டும்பொருள் இன்றி வருகிறது. எனவே ‘அந்த இரண்டு புடவைகளும்’, ‘ஓரிரு புடவை’ எனப் பிரித்தெழுதுதலே தக்கது. கற்பிக்கும் நூல்கள் பல வடிவப் பட்டியலோடு நின்றுவிடுவது இவ்விடத்தில் பெருங்குறை.

‘டா’, ‘டி’ வேறுபாடு இதனினும் நுண்ணியது. ‘லோக்டா’ என்பதில் சில இடங்களில் அலட்சியம் தொனிக்கும். ‘லோக்டி’ என்பதில் பரிவோ மதிப்போ தோன்றும். எண்ணே வராத இவ்விடத்தில் ‘அந்த ஆள்’, ‘அந்த மனிதர்’ என்னும் தேர்வும், தொடரும் வினைமுற்றின் ஆன், ஆர் விகுதியும் அவ்வேறுபாட்டைத் தாங்கவல்லன.