வாலில் ஓர் அடிக்கோடு

சி++ நூலகத்துக்குப் பைத்தான் இணைப்பைத் தானியங்கியாக உருவாக்கும்போது, பைத்தான் தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்களோடு சில பெயர்கள் மோதும். அப்படிப்பட்ட ஓர் இணைப்பான பைக்யூட்டி கண்ட வழி எனக்குப் பிடித்தது: பெயரின் வாலில் ஓர் அடிக்கோடு. எக்ஸெக்_, பிரிண்ட்_. இதைவிட அழகான பெயர் சூட்டலாமே என்பார்கள். சூட்டினால் மூல ஆவணத்தில் தேடுகிறவருக்கு அது அகப்படாது. 2008இல் வந்த பைத்தான் 3 அவ்விரு சொற்களையும் ஒதுக்கிய பட்டியலிலிருந்து நீக்கியது. 2021இல் பைக்யூட்டி 6 வாலையே நறுக்கியது. பழைய நிரல்கள் உடைந்தன, உண்மைதான். ஆனால் திருத்தம் ஒரே ஒரு குறியீடு.

இணைப்பில் வரும் பெயர்கள் தமிழிலும் இருக்கலாம்: பைத்தான் 3இல் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டுமே செல்லுபடியாகும் மாறிப்பெயர்கள். சிக்கல் ஸ்ரீயில்: ஸகரத்தாலும் ஶகரத்தாலும் அதைத் தட்டச்சலாம், பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்று, பைத்தானுக்கு இரண்டு. இங்கே அடிக்கோடு உதவாது. இணைப்பை உருவாக்கும் நிரலே ஒரு வடிவத்தைத் தேர்ந்து, மற்றதை அதற்கு மாற்றிவிட வேண்டும்.